பெயர்ந்த பீங்கானுக்கு மருந்து உண்டா?

இந்த முறை ஒரு சின்ன விபத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் மாமா, போன தடவை ஊருக்கு வந்தபோது கார்கோவில் ஒரு பெரிய பெட்டி போட்டு விட்டிருந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கரி அடுப்பு. மூன்று கால், கீழே கறுப்பாக ஒரு அரை உருண்டை, அதற்கு மூடியாக இன்னொரு அரை உருண்டை. அமெரிக்காக்காரர்கள் இதைக் 'கெட்டில் கிரில்' என்கிறார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அதை வைத்து, கரி போட்டு, கோழி சுட்டு, தெருவே மணக்கச் சாப்பிட்டோம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே மூடி கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. (யார் கை என்று கேட்காதீர்கள். இதை எழுதிக்கொண்டிருக்கும் கைதான்!) மூடி நெளியவில்லை. ஆனால் விளிம்பில் ஒரு ஐம்பது பைசா அளவுக்குப் பளபளப்பு பெயர்ந்து, உள்ளே இருந்த தகடு தெரிந்தது. நாலு நாள் பனியில் அந்த இடம் துரு பிடித்துச் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

"கறுப்பு பெயிண்ட் அடிச்சாப் போச்சு" என்றார் மாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாயி மூடியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "இது பெயிண்டு இல்ல கண்ணு, பீங்கான். எங்க ஊட்டுத் தட்டும் இப்படித்தான் ஆச்சு. ஈயம்னா மறுபடி பூசலாம். இதுக்கு என்னத்தப் பூசறது? போனா போனதுதான்."

அம்மாயி பள்ளிக்கூடமே போகாதவர். அவர் சொன்னது சரியா என்று பார்க்கலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். தேடப் போனால், ஒரு அடுப்பு மூடி என்னை சைப்ரஸ், ஜெர்மனி, கல்கத்தா என்று சுற்றவிட்டுக் கடைசியில் நம் சேலத்துக்கே கொண்டு வந்து சேர்த்தது. அந்தக் கதைதான் இது.

பூச்சு அல்ல, கண்ணாடி!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் 'பீங்கான் தட்டு' என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. மண்ணைச் சுட்டுச் செய்வது ஒன்று. அது விழுந்தால் உடைந்து சுக்கு நூறாகும். இன்னொன்று இரும்புத் தகட்டின் மேல் பீங்கான் போலத் தோன்றும் பளபளப்பு ஏற்றியது. அது விழுந்தால் உடையாது, பெயரும். இந்த இரண்டாவதைத்தான் எனாமல் என்கிறோம். அம்மாயியின் தட்டும் மாமாவின் கிரில்லும் இந்த ஜாதிதான்.

எனாமல் என்பது உண்மையில் கண்ணாடி. படிகக் கல், ஃபெல்ட்ஸ்பார், வெங்காரம் ஆகியவற்றைக் கலந்து உருக்கி, அந்தக் குழம்பைத் தண்ணீரில் கொட்டுவார்கள். அது பொரிந்து சிறு சிறு சில்லுகளாகும். அதை மாவாக அரைத்து, களிமண்ணும் தண்ணீரும் சேர்த்துத் தோசை மாவு பதத்தில் கரைத்துக்கொள்வார்கள். சுத்தமான இரும்புத் தகட்டை அதில் முக்கியெடுத்து, காய வைத்து, சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூளையில் சில நிமிடங்கள் விட்டால் மாவு மறுபடி உருகித் தகட்டோடு ஒன்றாகிவிடும். (படிகக் கல்லும் ஃபெல்ட்ஸ்பாரும் நம் சேலம், நாமக்கல் பக்கத்துப் பூமியிலேயே கிடைக்கும் பொருட்கள் என்பது கூடுதல் செய்தி.)

வெறும் கண்ணாடி இரும்பில் ஒட்டுவது கடினம். அதற்காக முதல் பூச்சில் கோபால்ட் ஆக்சைடைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். கோபால்ட் என்றால் நீலம் என்று தெரியும் இல்லையா? வெள்ளை எனாமல் தட்டு பெயர்ந்த இடத்தைச் சுற்றி ஒரு கறுநீல வளையம் தெரிவது இதனால்தான். அது அழுக்கு அல்ல, அடிப்பூச்சு. அதற்கு மேல்தான் வெள்ளைப் பூச்சு வரும்.

சரி, ஏன் பெயர்கிறது? சூட்டில் இரும்பு அதிகம் விரியும், கண்ணாடி அதைவிடக் கொஞ்சம் குறைவாக விரியும்படி கலவையைச் செய்வார்கள். ஆறும்போது இரும்பு அதிகம் சுருங்கி, மேலே இருக்கும் கண்ணாடியை எப்போதும் நெருக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி நெருக்குவதைத் தாங்கும். இழுப்பதைத்தான் தாங்காது. தகடு கல்லில் மோதி ஒரு நொடி வளைந்தால் அந்த இடத்தில் கண்ணாடி இழுபடுகிறது, உடனே 'டக்'கென்று தெறித்துவிடுகிறது. விளிம்பிலும், ஆணி போடும் ஓட்டையிலும்தான் முதலில் பெயரும். பழைய எனாமல் விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். நாலு மூலை ஆணி ஓட்டைகளைச் சுற்றித்தான் துரு வட்டம் போட்டிருக்கும். திருகாணியை இறுக்கும்போது பெயர்ந்த இடம் அது.

மோதிரத்தில் தொடங்கிய கதை

எனாமல் பிறந்தது சமையலறையில் அல்ல, நகைப் பட்டறையில். சைப்ரஸ் தீவில் கிடைத்த, கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தங்க மோதிரங்களில் எனாமல் வேலை இருக்கிறது. நம் நாட்டில் ஜெய்ப்பூர் மீனாகாரி உலகப் புகழ் பெற்றது. அதுவும் இதே கண்ணாடிதான். தங்கத்தின் மேல் உருகி நிற்கும் கண்ணாடி. சேலத்து வெள்ளிக் கொலுசில் பச்சையும் சிவப்புமாக வைக்கிறார்களே, அதையும் எனாமல் என்றே சொல்கிறோம். (சூளையே காணாத பிசின் வகை எனாமலும் இப்போது நகைகளில் உண்டு. அது பேரளவில்தான் எனாமல்!)

இப்படி ராஜா வீட்டு நகையில் இருந்ததைச் சட்டிக்குக் கொண்டு வந்தவர்கள் ஜெர்மானியர்கள். 18ஆம் நூற்றாண்டில் அங்கே வார்ப்பிரும்புச் சட்டிகளின் உள்பக்கத்தில் எனாமல் ஏற்றிப் பார்த்தார்கள். காரணம் எளிது. இரும்புச் சட்டியில் புளிப்பான பொருளைச் சமைத்தால் நிறமும் ருசியும் மாறும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தகட்டைப் பாத்திரமாக அழுத்தும் இயந்திரங்கள் வந்ததும் இலேசான எனாமல் தட்டு, குவளை, தூக்கு எல்லாம் ஆயிரக்கணக்கில் வர ஆரம்பித்தன. ஆஸ்திரியா, பொஹீமியா, ஜெர்மனி, ஸ்வீடன், பிறகு ஜப்பான் என்று பல நாடுகள் இதில் இறங்கின.

ஒரு எனாமல் பாத்திரத் தொழிற்சாலை உலக வரலாற்றிலேயே இடம் பிடித்திருக்கிறது. 1993ல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 1939ன் இறுதியில் போலந்தின் கிராகோவ் நகரில் ஆஸ்கர் ஷிண்ட்லர் எடுத்து நடத்திய ஆலை எனாமல் பாத்திர ஆலைதான். ஜெர்மன் ராணுவத்துக்கு அந்தப் பாத்திரங்கள் தேவைப்பட்டன. 'இவர்கள் யுத்தத்துக்கு அவசியமான தொழிலாளர்கள்' என்று காட்டித்தான் சுமார் 1,200 யூதர்களை அவர் சாவிலிருந்து காப்பாற்றினார். சாதாரணச் சோற்றுத் தட்டு என்று நினைக்கிறோம், அது எத்தனை உயிருக்குச் சாட்சி பாருங்கள்.

மாமாவின் கிரில்லும் இந்தப் பரம்பரையில் கடைசியாக வந்த ஒரு பிள்ளைதான். 1952ல் சிகாகோவில் உலோகப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தண்ணீரில் மிதக்க விடும் மிதவைகளுக்காகச் செய்த உலோக உருண்டையைப் பார்த்து, அதை இரண்டாகப் பிரித்தால் காற்றுக்கும் மழைக்கும் அணையாத கரி அடுப்பாகுமே என்று யோசித்தார். அந்தப் பட்டறையின் பெயர் வெபர் பிரதர்ஸ். வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடக்கிற, உள்ளே நெருப்பு எரிகிற ஒரு பொருளுக்குச் சாதாரணப் பெயிண்ட் தாங்காது. அதனால் இந்த வகை அடுப்புகளுக்குப் பீங்கான் எனாமல் பொருத்தமாக அமைந்துவிட்டது.

நம் ஊருக்கு வந்த வெள்ளைத் தட்டு

இந்தியாவுக்கு எனாமல் முதலில் கப்பலில்தான் வந்தது. பர்மா, மலேயா போய்த் திரும்பியவர்களும் கொண்டு வந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருந்த ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் முத்திரை போட்ட எனாமல் தூக்குகளையும் அடுக்குகளையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். பிறகு நாமே செய்யத் தொடங்கினோம். 1921ல் கல்கத்தாவுக்கு வடக்கே பல்தாவில் பெங்கால் எனாமல் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டது. அந்நியத் துணியை மட்டுமல்ல, அந்நியத் தட்டையும் ஒதுக்க நினைத்த காலம் அது.

ஆஸ்பத்திரிகளில் எனாமல் ஒரு புரட்சியே செய்தது என்று சொல்லலாம். ஊசி கொதிக்க வைக்கும் தட்டு, சிறுநீரக வடிவ ட்ரே, கை கழுவும் பேசின் எல்லாம் வெள்ளை எனாமல். கண்ணாடி என்பதால் அழுக்கு ஊறாது, கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவலாம், வெள்ளை என்பதால் ஒரு சொட்டு ரத்தம் இருந்தாலும் தெரியும். ரயில் நிலையங்களில் எழுத்துப் பலகையாகவும் எனாமல் வந்தது. வங்காளத்துப் ரயில் நிலையங்களில் தேநீர் போடுவது எப்படி என்று படம் போட்டு விளக்கிய எனாமல் பலகைகள் இருந்தன. வெயிலில் நிறம் மங்காத விளம்பரம் அன்றைக்கு வேறு எது? தேநீர் குடிக்க நம்மைப் பழக்கியதில் எனாமலுக்கும் பங்கு உண்டு.

அம்மாயியின் தட்டு அவர் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு. வீட்டில் மற்றதெல்லாம் பித்தளையும் மண்சட்டியும். "அதுல சோறு போட்டா முல்லைப்பூ மாதிரி இருக்கும்" என்கிறார்.

ஈயக்காரரால் முடியாத வேலை

இப்போது அம்மாயி சொன்ன ஈயத்துக்கு வருவோம். பித்தளைப் பாத்திரத்தில் புளி ஊற்றினால் களிம்பு ஏறும், உடம்புக்கு ஆகாது. அதனால் உள்பக்கம் வெள்ளீயம் பூசுவார்கள். "ஈயம் பூசறதே..." என்று தெருவில் குரல் கேட்டதும் வீட்டுக்கு வீடு அண்டாவும் குண்டாவும் வெளியே வரும். மரத்தடியில் ஒரு குழி, அதில் கரி, பக்கத்தில் துருத்தி. பாத்திரத்தைத் தணலில் திருப்பித் திருப்பிக் காட்டி, நவச்சாரப் பொடியைத் தூவினால் வெள்ளைப் புகை எழும். அந்த நவச்சாரம் உலோகத்தின் மேல் இருக்கும் அழுக்குப் படலத்தை நீக்கிவிடும். உடனே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தால் பாத்திரம் வெள்ளி போல் மின்னும்.

இது எப்படி மரத்தடியில் முடிகிறது? வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயச் சொம்பில் ரசம் வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சொம்பே இருக்காது! அந்தச் சூட்டுக்கு ஒரு கூடை கரியும் ஒரு துருத்தியும் போதும். ஈயம் தேயும், ஆனால் தேய்ந்தால் மறுபடி பூசலாம். (கலப்பட ஈயத்தில் காரீயம் சேர்ந்திருந்தால் அது விஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

எனாமலுக்கு இது எதுவும் செல்லாது. முதலாவது, ஈயம் கண்ணாடியில் ஒட்டாது. இரண்டாவது, கண்ணாடியை உருக்க 800 டிகிரி வேண்டும், மரத்தடிக் குழியால் அதைச் சீராகக் கொடுக்க முடியாது. மூன்றாவது, பெயர்ந்த இடத்தை மட்டும் அவ்வளவு சூடாக்கினால் சுற்றியிருக்கும் நல்ல எனாமலும் வெடித்துப் பெயர்ந்துவிடும். சரியான வழி ஒன்றுதான். பழைய எனாமலை முழுக்க நீக்கிவிட்டு, தட்டு முழுவதையும் மறுபடி முக்கி, மறுபடி சூளையில் வைக்க வேண்டும். அதற்குப் புதுத் தட்டே வாங்கிவிடலாம்.

ஆக, அம்மாயி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாத்திரம் பழுதானால் தெருவிலேயே சரி செய்துகொள்ளலாம் என்றிருந்த ஊருக்குள், பழுதானால் யாராலும் சரி செய்ய முடியாத ஒரு பாத்திரத்தை முதலில் கொண்டு வந்தவற்றில் எனாமலும் ஒன்று. அது அழகாக இருந்தது, சுத்தமாக இருந்தது, விலையும் கட்டுப்படியானது. ஆனால் ஒருமுறை கை தவறினால் ஈயக்காரரும் கை விரித்துவிட்டார்.

பெயர்ந்த தட்டு யாருக்குப் போனது?

சரி செய்ய முடியாத பொருளை அந்தக் காலத்தில் யாரும் குப்பையில் போடவில்லை. பிறகு அது எங்கே போனது? இதைக் கேட்டபோது அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொத ஒரு சில்லு போனப்ப, ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்தோம். ரெண்டு மூணு எடத்துல போனதும் அதை மாட்டுக் கொட்டாய் எறவாணத்துல சொருகிட்டாங்க. காட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு அதுலதான் சோறு. அவங்களே கழுவி அங்கயே சொருகிட்டுப் போவாங்க. அப்ப அது தப்புன்னே எங்களுக்குத் தோணல கண்ணு."

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் 'தீட்டு' போய்விடும், பீங்கானுக்கு அப்படிப் போகாது என்றொரு நம்பிக்கை பல வீடுகளில் இருந்தது. அதனால் வீட்டுக்குள் பித்தளை, வெளியில் நிற்பவர்களுக்குப் பீங்கான் என்று பிரித்து வைத்தார்கள். தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் போலத்தான் இதுவும். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு ஒழித்தது, 1955ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் எறவாணத்தில் சொருகிய தட்டு சட்டப் புத்தகம் படிப்பதில்லையே.

பெயர்ந்த எனாமலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. விளிம்பில் நிற்கும் கண்ணாடிச் சில்லு எப்போது வேண்டுமானாலும் சோற்றில் உதிரலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று எடுத்து வைத்த தட்டில்தான் இன்னொருவர் சாப்பிட்டிருக்கிறார். ஒரு தட்டு தரம் இறங்கும்போது அதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதிலும் ஒரு ஊரின் வரலாறு இருக்கிறது. மியூசியத்தில் வைத்திருக்கும் பளபளப்பான தட்டுகள் இதைச் சொல்லாது.

சேலத்து எஃகு செய்த மாற்றம்

எனாமலை நம் சமையலறைகளிலிருந்து வெளியேற்றியது எவர்சில்வர். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழாய் அரிக்காமல் இருக்க வழி தேடியபோது குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதைக் கவனித்தார். அதுவே பிறகு உலகத்தின் சாப்பாட்டுத் தட்டானது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் தனிப் பெருமை உண்டு. ஊருக்குக் கிழக்கே எங்கள் அயோத்தியாப்பட்டணம் என்றால், மேற்கே கஞ்சமலை அடிவாரத்தில் இரும்பாலை. 1970ல் பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலையின் தாதுவை வைத்து முழு உருக்காலை என்ற கனவு சுருங்கி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலையாக 1981ல் உற்பத்தி தொடங்கியது. 'சேலம் ஸ்டெயின்லெஸ்' என்ற பெயர் நாடு முழுக்கப் போனது. தட்டு, டம்ளர் செய்யும் தகடு மட்டுமல்ல, நாணயம் அச்சடிக்கும் எஃகு வில்லைகளும் இங்கே வெட்டப்பட்டன.

எவர்சில்வர் எப்படி ஜெயித்தது? அதன் மேலும் ஒரு பூச்சு இருக்கிறது என்பதுதான் ஆச்சரியம்! எஃகில் இருக்கும் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஆக்சைடு படலமாக மேலே நிற்கிறது. கீறினால் படலம் போகும். ஆனால் காற்றுப் பட்டதும் அந்த இடத்தில் புதுப் படலம் தானாகவே உருவாகிவிடும். பெயரவும் வழியில்லை, பூசவும் ஆள் வேண்டாம்.

இப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். ஈயம், மனிதர் கையால் புதுப்பிக்கிற பூச்சு. எனாமல், யாராலும் புதுப்பிக்க முடியாத பூச்சு. எவர்சில்வர், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் பூச்சு. நம் சமையலறையின் நூறு வருட வரலாறே இந்த மூன்று பூச்சுகளில் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஒன்றையும் மறக்கக் கூடாது. எவர்சில்வர் வந்ததும் எனாமல் மட்டும் போகவில்லை, மரத்தடியில் துருத்தி ஊதிய ஈயக்காரரின் பிழைப்பும் போனது. அந்தக் குரல் எங்கள் தெருவில் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று.

கடைசியில் மூடியை என்ன செய்தேன்?

எனாமலாக மறுபடி ஆக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. துரு பரவாமல் நிறுத்துவது மட்டும்தான் நம் கையில். செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும்.

முதலில் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விளிம்பில் ஆடிக்கொண்டிருந்த சில்லுகளை மெதுவாக எடுத்துவிட்டேன். கண்ணாடித் துகள் கண்ணில் பட்டால் வம்பு. பிறகு துருவை உப்புத்தாளால் தேய்த்து, தகடு வெள்ளையாகத் தெரியும்வரை சுத்தம் செய்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போக வெயிலில் காய வைத்தேன். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது.

ஒட்டுப்பசை வைத்து அடைக்கலாம் என்று முதலில் நினைத்தேன். குளிர்சாதனப் பெட்டி, குளியல் தொட்டி போன்றவற்றுக்கு எப்பாக்சி சரிப்படும். தணல் எரியும் அடுப்புக்குச் சரிப்படாது, சூட்டில் இளகிக் கருகிவிடும். அதனால் வெளிப்பக்கத்துக்கு மட்டும் மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும், சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட். எத்தனை டிகிரி தாங்கும் என்று டின்னிலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்க வேண்டும். மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அதன் பிறகு அடுப்பில் இலேசான தணல் போட்டு மெதுவாகச் சூடேற்றினேன்.

உள்பக்க விளிம்புக்குப் பெயிண்ட் கூடாது, சாப்பாட்டுப் பக்கம் அது. அதற்கு வழி சொன்னது அம்மாயிதான். "தோசைக்கல்லை எப்படிப் பழக்கறோம்?" என்று கேட்டார். அவ்வளவுதான்! எண்ணெயை ஒரு துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவிச் சூடேற்றி, ஆறவிட்டு மறுபடி தடவி, இப்படி நாலைந்து முறை. எண்ணெய் காய்ந்து கறுப்புப் படலமாக இறுகி இரும்பைக் காக்கிறது. இது தேய்ந்தால் மறுபடி தடவிக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால், எனாமல் போன இடத்தில் ஈயக்காரரின் தத்துவத்தையே கொண்டு வந்து வைத்திருக்கிறேன்!

இன்னும் சில குறிப்புகள். சூடாக இருக்கும் எனாமலில் தண்ணீர் ஊற்றக் கூடாது, திடீர்க் குளிர்ச்சியில் கண்ணாடி விரிசல் விடும். சாம்பலை அடுப்பிலேயே விடக் கூடாது. மழை ஈரம் பட்டால் சாம்பல் நீர் காரமாகி, பெயர்ந்த இடங்களை அரிக்கும். மூடியின் உள்ளே கறுப்பாக உரியும் பொருக்கைப் பார்த்து எனாமல் பெயர்கிறது என்று பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் கொழுப்பும் புகையும் காய்ந்து படிந்த கரிதான், தேய்த்தால் வந்துவிடும். ஆனால் சமைக்கும் பாத்திரம் அல்லது தட்டின் உள்பக்கம் பெயர்ந்திருந்தால் தயவு செய்து அதில் சாப்பிடாதீர்கள். யாருக்கும் அதில் கொடுக்கவும் வேண்டாம்.

இரண்டு மாதம் ஆகிறது. துரு திரும்ப வரவில்லை. ஆனால் ஒட்டுப் போட்ட இடம் நன்றாகவே தெரிகிறது, பளபளப்பு இல்லாமல் மங்கலாக. மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை.

சென்ற வாரம் பரண் மேல் எதையோ தேடும்போது அந்த நீல விளிம்புத் தட்டு கிடைத்தது. கொட்டகையைப் பிரித்தபோது யாரோ எடுத்து மேலே போட்டிருக்கிறார்கள். மூன்று இடத்தில் கறுநீலமாகப் பெயர்ந்து, நடுவில் இன்னும் முல்லைப்பூ வெள்ளை. துடைத்து அம்மாயியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல சாப்பிட்டவங்க எல்லாம் போயிட்டாங்க" என்றார். தட்டை என் மேஜை மேல் வைத்திருக்கிறேன். அதில் எதுவும் பூசப் போவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு எனாமல் தட்டு இருக்கலாம். இருந்தால் பெரியவர்களிடம் காட்டி, அது எங்கிருந்து வந்தது, யார் யார் அதில் சாப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.